வியன்னாவில் கேட்கும் இரண்டு மொழிகள்: மகளுக்கு ஒரு கடிதம்

அன்பு மகளுக்கு,

இங்கு அனைவரும் நலம். வேலை முடிந்த மாலைகளில் துருக்கிய மொழி படிப்பதா, குரோஷிய மொழி படிப்பதா, எது அதிக இடங்களில் பேசப்படுகிறது என்று கேட்டிருந்தாய். வியன்னாவின் ஒட்டாக்ரிங் வட்டாரத்தில் குடியிருப்பவளுக்குச் சந்தைக்குப் போனால் இரண்டுமே காதில் விழும். தலைகளை எண்ணினால் போட்டியே இல்லை: துருக்கியின் மக்கள்தொகை ஏறக்குறைய 8.5 கோடி, குரோஷியாவில் 2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 39 லட்சம் பேர்கூட இல்லை. ஆனால் புவியியல் ஆசிரியராக இருந்தவனுக்கு எண்ணிக்கையோடு நிறுத்த மனம் வராது. சொந்த நாட்டு எல்லைக்கு வெளியே இவ்விரு மொழிகளும் எங்கெங்கே பேசப்படுகின்றன என்று பார்த்தால், ஐரோப்பாவின் பழைய குடியிருப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே காரணம் இருப்பது தெரியும். அது துருக்கியர் ஆண்ட உதுமானியப் பேரரசு.

அந்தப் பேரரசு பால்கன் நாடுகளுக்குள் முன்னேறியபோது அதன் மொழியும் உடன் சென்றது; பேரரசு பின்வாங்கிய பிறகும் மொழி பல இடங்களில் தங்கிவிட்டது. பல்கேரியாவின் கர்ஜலி, ரஸ்கிராட் பகுதிகளிலும், கிரேக்கத்தின் மேற்குத் திரேஸிலும், வட மாசிடோனியாவின் கோஸ்திவரிலும், கொசோவோவின் பிரிஸ்ரெனிலும் இன்றும் துருக்கிய மொழி கேட்கிறது. தங்கியவர்களுக்கு எல்லாக் காலத்திலும் நிம்மதி இருந்ததில்லை. பல்கேரிய அரசு 1980களில் துருக்கியர்களின் பெயர்களையே கட்டாயப்படுத்தி மாற்றியது. 1989இல் 3 லட்சத்துக்கும் மேற்பட்டோர் துருக்கிக்குக் கிளம்பிப் போனார்கள், அவர்களில் பலர் பிறகு திரும்பியும் வந்தார்கள். அதற்கு முன்னர், 1923இல் கிரேக்கமும் துருக்கியும் மக்களைப் பரிமாறிக்கொண்டபோது மதத்தை அளவுகோலாகக் கொண்டார்களே ஒழிய மொழியைப் பார்க்கவில்லை. அதனால் கப்படோசியாவில் துருக்கிய மொழியை வீட்டுமொழியாகப் பேசிவந்த ஆர்த்தடாக்ஸ் கிறித்தவர்கள் கிரேக்கத்துக்கும், கிரேக்கம் மட்டுமே பேசத் தெரிந்த கிரீட் தீவு முஸ்லிம்கள் துருக்கிக்கும் அனுப்பப்பட்டார்கள். மொழி வரைபடத்தைப் பார்த்து நாட்டின் எல்லையை ஊகிக்க முடியாது என்று வகுப்பில் நான் சொல்லிவந்ததற்கு இதைவிட நல்ல சான்று எனக்குக் கிடைத்ததில்லை.

குரோஷிய மொழி பரவிய கதை இதற்கு நேர் எதிரானது; துருக்கிய மொழி படையின் பின்னால் போனது, குரோஷிய மொழி அந்தப் படைக்குப் பயந்து ஓடியது. 16ஆம் நூற்றாண்டில் உதுமானியப் படையெடுப்புகளிலிருந்து தப்பிய குரோஷியர்களை, போரால் ஆளற்றுப்போன மேற்கு ஹங்கேரிய நிலங்களில் அங்கிருந்த பிரபுக்கள் குடியமர்த்தினார்கள். அந்தப் பகுதி 1921இல் ஆஸ்திரியாவுடன் சேர்ந்தது. அதுதான் உனக்குப் பக்கத்திலேயே இருக்கும் புர்கன்லாந்து. 1955ஆம் ஆண்டு ஆஸ்திரிய அரசு உடன்படிக்கையின் 7ஆம் பிரிவு அவர்களுடைய மொழி உரிமையை உறுதிசெய்தது. ஆனாலும் ஊர்ப்பெயர்ப் பலகைகள் இரண்டு மொழிகளில் நடப்படுவதற்கு 2000ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வாறே அட்ரியாட்டிக் கடலைக் கடந்தவர்களின் வழித்தோன்றல்கள் இத்தாலியின் மொலீசே பகுதியில் மொன்தெமித்ரோ உள்ளிட்ட மூன்று சிற்றூர்களில் இருக்கிறார்கள். அங்கு இம்மொழியைப் பேசுவோர் மிகவும் அருகிவிட்டார்கள். பின்னாளில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் டால்மேசியக் கரையிலும் பிராச் தீவிலும் திராட்சைத் தோட்டங்கள் நலிந்தபோது, பலர் சிலியின் தென்கோடியிலுள்ள புந்தா அரேனாஸ் வரை சென்றார்கள். அங்கே குடும்பப் பெயர்கள் நிலைத்தன, பேச்சு பெரும்பாலும் ஸ்பானிய மொழிக்கு மாறிவிட்டது.

இன்று மேற்கு ஐரோப்பிய நகரங்களில் இரண்டும் அருகருகே கேட்பதற்குக் காரணம் ஒப்பந்தத் தொழிலாளர்கள். ஜெர்மனி துருக்கியோடு 1961இலும், அப்போது குரோஷியாவும் அடங்கியிருந்த யுகோஸ்லாவியாவோடு 1968இலும் ஆள்சேர்ப்பு ஒப்பந்தம் செய்தது. ஆஸ்திரியா அதே நாடுகளோடு முறையே 1964இலும் 1966இலும் செய்தது. சில ஆண்டுகள் உழைத்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள் என்றே அரசுகள் கணக்கிட்டன.

அதிகார நிலையைப் பார்த்தால் எண்ணிக்கைக்கும் தகுதிக்கும் தொடர்பே இல்லை என்பது விளங்கும். குரோஷியா 2013 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்ததும் அதன் மொழி ஒன்றியத்தின் 24ஆவது ஆட்சிமொழியாயிற்று. சைப்ரஸின் 1960ஆம் ஆண்டு அரசியலமைப்பு கிரேக்கத்தையும் துருக்கிய மொழியையும் ஆட்சிமொழிகளாக அறிவிக்கிறது. அந்நாடு 2004 முதல் ஒன்றியத்தின் உறுப்பினர். இருந்தும் துருக்கிய மொழிக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. எனக்கு இது நியாயமாகப் படவில்லை.

இனி உன் தேர்வுக்கு வருகிறேன். அடுத்த ஆண்டு வேலையாகச் போஸ்னியாவின் தலைநகர் சராயேவோவுக்கும் குரோஷியாவின் தலைநகர் ஸாக்ரெபுக்கும் போக வேண்டியிருக்கலாம் என்று எழுதியிருந்தாய். அப்படியானால் குரோஷிய மொழியையே படி. குரோஷியம், போஸ்னியம், செர்பியம், மாண்டினீக்ரியம் ஆகிய நான்கு தர வடிவங்களும் ஒரே வட்டார வழக்கின் மேல் எழுந்தவை. பேசுவோர் ஒருவரையொருவர் தடையின்றிப் புரிந்துகொள்வார்கள். போஸ்னியாவில் சிகரெட் பெட்டியின் எச்சரிக்கையை மூன்று ஆட்சிமொழிகளிலும் அச்சிடுகிறார்கள். மூன்றும் ஏறக்குறைய ஒரே வாசகம், ஒன்று மட்டும் சிரில்லிக் எழுத்தில் இருக்கும். ஆகவே 39 லட்சம் என்ற எண்ணைக் கண்டு நீ தயங்க வேண்டாம், ஒன்றைக் கற்றால் நான்கு நாடுகளில் பேசலாம். துருக்கிய மொழி தெரிந்தவர் அஜர்பைஜானில் ஓரளவு சமாளித்துவிடலாம். உஸ்பெக், கசாக் மொழிகள் உறவுள்ளவை என்றாலும் தனியாகப் படித்தாக வேண்டும்.

வகுப்பில் பணம் கட்டுவதற்கு முன் ஒன்றைக் கேட்டுக்கொள். வியன்னாவில் போஸ்னியம், குரோஷியம், செர்பியம் மூன்றையும் சேர்த்து ஒரே பாடமாகவும் நடத்துகிறார்கள்; உன் பயணங்களுக்கு அதுவே ஏற்றது. புர்கன்லாந்தில் பேசுவது பெரும்பாலும் வேறு வட்டார வழக்கு, அதற்கென்று தனித் தரமும் உண்டு. எனவே ஐசன்ஸ்டாட் பக்கத்து ஊர்களில் நீ படித்ததைப் பேசிப் பார்க்கும்போது சில சொற்கள் புரியாமல் போனால் ஆசிரியரைக் குறை சொல்லாதே.

அன்புடன்,
அப்பா