பதினேழாவது கையெழுத்து

வெள்ளவத்தை,
ஞாயிறு மாலை.

அன்பின் சண்முகம்,

உம்முடைய இரண்டு கடிதங்களுக்கும் பதில் எழுதாமல் ஐந்து மாதங்களைக் கடத்திவிட்டேன். கண் சத்திரசிகிச்சையைக் காரணம் சொல்லலாம்தான்; ஆனால் அது எப்போதோ சுகமாக முடிந்துவிட்டதென்று என் மருமகள் உமக்குத் தொலைபேசியில் சொல்லியிருப்பாள் என்பதால் பொய் சொல்லிப் பயனில்லை. சலரோகம் கட்டுக்குள் இருக்கிறது, கோபம்தான் இல்லை. தங்கச்சியின் முழங்கால் நோ எப்படி இருக்கிறது? தவராசாவின் வழக்கு இன்னும் அந்த ஒரு முழ வேலியிலேயே நிற்கிறதா?

விடயத்துக்கு வருகிறேன். நான் ஒரு மனு எழுதினேன். சிரிக்கவேண்டாம். விடுதிச் சாப்பாட்டுக்காக நான் எழுதிய மனுவுக்கு நேர்ந்த கதியை நீர் சாகும்வரை மறக்கமாட்டீர் என்று எனக்குத் தெரியும். இது அதைவிட மோசமாக முடிந்திருக்கிறது. ஏனெனில் இம்முறை மனு வெற்றிபெற்றுவிடும் போலிருக்கிறது.

எங்கள் தொடர்மாடிக்குக் கீழே, தண்டவாளத்தை ஒட்டிச் செல்லும் மரைன் டிரைவ் உமக்குத் தெரியும். மாலையானால் அதன் கடற்பக்கம் முழுவதும் கார்கள் வரிசையாக நிற்கும். அந்தப் பக்கத்தில் சைக்கிளுக்கென ஓர் ஒழுங்கை கீறப்போகிறார்கள், கார்களை நிறுத்தவிடமாட்டார்கள் என்று எங்கள் பகுதியில் ஒரு பேச்சுக் கிளம்பியது. யார் சொன்னார்கள், எந்தக் காகிதத்தில் இருக்கிறது என்று எவருக்கும் தெரியாது. ஆயினும் எங்கள் குடியிருப்பாளர் சங்கம் அதே வாரத்தில் கூடி, எதிர்த்து மனு அனுப்புவதென்று தீர்மானித்தது. முப்பத்தொரு வருடங்கள் அரச கந்தோரில் கடிதம் வரைந்தவன் என்ற முறையில் அப்பொறுப்பு என் தலையில் விழுந்தது. உள்ளதைச் சொன்னால், விழுந்ததில் எனக்குச் சற்றுப் பெருமையும் இருந்தது.

தமிழில் ஒன்றும் ஆங்கிலத்தில் ஒன்றுமாக எழுதினேன். கொழும்பின் வெயிலும் மழையும் சைக்கிள் ஓட்டத்துக்கு உகந்தவையல்ல என்று முதற் பந்தியில் எழுதியிருக்கிறேன். எழுபது வயதிலும் கச்சேரிப் பக்கமெல்லாம் ரலி சைக்கிளில் போய்வரும் உம்மை நினைத்திருந்தால் எழுதியிருக்கமாட்டேன்; யாழ்ப்பாணத்தில் வெயிலே எறிப்பதில்லை போலும்! இரண்டாம் பந்தியில், "இவ்வீதியில் சைக்கிள் ஓட்டுவோர் மிகச் சிலரே என்பதையும், அவர்களுட் பெரும்பாலானோர் இப்பகுதியைச் சாராதவர்கள் என்பதையும் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருகிறோம்" என்று எழுதினேன். எழுதியபோது அந்த வாக்கியத்தின் ஓசையில் எனக்கு அவ்வளவு திருப்தி.

நாற்பத்துமூன்று கையெழுத்துகள் சேர்ந்தன. அவற்றைத் தட்டச்சுக்காக ஒழுங்குபடுத்தியபோது, பதினேழாவது கையெழுத்து சிங்களத்தில் இருந்தது. பியதாச. எங்கள் தொடர்மாடிக் காவலாளி.

சண்முகம், அந்த மனிதர் களுபோவிலையிலிருந்து நாள்தோறும் சைக்கிளில் வருகிறார். மின்பிறப்பாக்கி அறைக்குப் பக்கத்தில் அதைச் சாய்த்துவிட்டு, கடற்காற்றின் உப்புப் படாமல் ஆசனத்தின் மீது ஒரு பொலித்தீன் பையைக் கட்டி வைப்பார். இடப்பக்க மிதியின் கட்டை எப்போதோ கழன்றுவிட்டது. மிஞ்சிய இரும்புத் தண்டில் பழைய ரியூப் துண்டைச் சுற்றி வைத்திருக்கிறார். விளக்குக் கிடையாது. மூன்று வருடங்களாக அந்தச் சைக்கிளைக் கடந்துதான் நான் காலைப் பத்திரிகை எடுக்கப் போகிறேன். அவரும் ஒரு சைக்கிள் ஓட்டுநர் என்பது மனு எழுதியபோது என் நினைவில் தட்டவேயில்லை.

கீழே இறங்கிப் போய், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியுமா என எனக்குத் தெரிந்த சிங்களத்தில் கேட்டேன். தெரியாது என்றார். செயலாளர் நீட்டினார், நான் வைத்தேன் என்றார். பிறகு, "மாத்தயா எழுதியதென்றால் நல்லதாகத்தானே இருக்கும்" என்றார்.

அன்றிரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஒரு காலத்தில் இதே கட்டடத்தில் பொலிஸ் பதிவுக்காக நாம் விளங்காத படிவங்களில் கையெழுத்து வைத்துக்கொண்டு நின்றதை நீரும் பார்த்திருக்கிறீர். ஒரு வாரம் எங்கள் வீட்டில் தங்கியதற்காக உமது பெயரும் அதில் ஏறியது. விளங்காத காகிதத்தில் ஒப்பமிடுபவனின் முகம் எப்படி இருக்கும் என்பதை நான் எவரிடமும் கேட்டறிய வேண்டியதில்லை.

மறுநாள் ஐந்தரைக்கே எழுந்து மாடத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். வழக்கமாக நான் எழும்புவது ஏழரைக்கு. "மிகச் சிலரே" என்ற என் ஆராய்ச்சி முடிவின் அடிப்படை அதுதான். இருள் பிரியாத வேளையில் சைக்கிள்கள் வந்துகொண்டேயிருந்தன. பின்னால் பெட்டி கட்டிய மீன்காரர், வெள்ளைப் பூச்சுத் தெறித்த காற்சட்டையோடு இரண்டு பெயின்ற் வேலைக்காரர், கடமை மாறும் காவலாளிகள், சாப்பாட்டுக் கடைப் பையன்கள். டபிள்ஸில் ஒரு சோடியும் போனது. உம்மையும் என்னையும் பொலிஸ்காரன் மடக்கிய நாளை நினைத்துக்கொண்டேன். ஆறரைக்குப் பிறகு சைக்கிள்கள் குறைந்து, கார்கள் வரத் தொடங்கின. நான் எழுந்து கண்ட கொழும்பு எப்போதும் அந்தக் கார்க் கொழும்புதான்.

நாங்களும் ஒரு பருவத்தில் சைக்கிள்காரராக இருந்தவர்கள் என்பதுதான் இதில் வேடிக்கை. 2022 ஜூன் மாத இறுதியில் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அரசாங்கம் அறிவித்தபோது, இச்சங்கத்தின் செயலாளர் உட்பட எல்லோரும் சைக்கிளுக்கு அலைந்தோம். நானும் கிருலப்பனையில் ஒருவரிடமிருந்து பழைய லுமாலா ஒன்றை, அவர் கேட்ட விலைக்கே வாங்கினேன். அந்த நாட்களில் காலி வீதியில் கடல் இரைவது கேட்டது என்று உமக்கு எழுதியிருந்தேன். பின்னர் கியூ.ஆர். அட்டை வந்தது, பெற்றோல் வந்தது. சைக்கிள்கள் மாடங்களுக்குப் போய் உடுப்புக் காயப்போடும் கொடிகளாயின. என்னுடையதன் சங்கிலி உப்புக்காற்றில் ஒரே கட்டியாக இறுகிவிட்டது. தையல் இயந்திர எண்ணெய் விட்டு நான்கு நாட்கள் ஊறவைத்துப் பார்த்தும் அசையவில்லை.

இனிமேல்தான் என் உண்மையான புலம்பல் வருகிறது. தேநீர் குடித்துவிட்டு வந்து வாசியும்.

என் பேரன் மாலபேயில் இருந்து 177ஆம் இலக்க பஸ்ஸில் கொள்ளுப்பிட்டிக்கு வேலைக்கு வருகிறான். பத்தரமுல்லை, இராஜகிரிய, பொரளை என்று ஒவ்வொரு சந்தியிலும் நின்று நின்று அவன் வந்து சேரும்போது, ஒரு நாளின் சக்தியில் பாதி போய்விடுகிறது. அதே மாலபேயிலிருந்து கோட்டைக்குத் தூண்களின் மேல் இலகு ரயில் ஓடவேண்டியிருந்தது. 15.7 கிலோமீற்றர், பதினாறு நிலையங்கள். 2019 மார்ச்சில் ஜப்பானுடன் கடன் ஒப்பந்தம் கைச்சாத்தானது. வட்டி 0.1 வீதம், திருப்பிச் செலுத்த நாற்பது ஆண்டுகள், அதில் முதற் பன்னிரண்டு ஆண்டுகள் சலுகைக்காலம். தவராசா தன் மைத்துனனுக்குக்கூட அப்படிக் கடன் கொடுக்கமாட்டான். 2020 செப்டெம்பரில், இது செலவு மிகுந்தது, கொழும்புக்குப் பொருத்தமான தீர்வல்ல என்று ஜனாதிபதியின் செயலாளர் போக்குவரத்து அமைச்சுக்கு ஒரு கடிதம் எழுதினார். திட்டம் அத்துடன் நின்றது. எங்கள் பணத்தை மிச்சம் பிடித்த அந்த அரசாங்கம், இரண்டு வருடங்களுக்குள், 2022 ஏப்ரலில், வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாதென்று கைவிரித்தது. திட்டத்துக்கு எதிராகப் பேசியவர்களிடமும் நியாயங்கள் இருந்தன: காணி போய்விடும் என்ற பயம், ஏற்கெனவே ஏறிக் கிடந்த கடன். அவற்றை நான் தள்ளிவிடவில்லை. என் கோபம் வேறு. ஒரு கடிதம் போதுமாயிருந்தது. 177இல் தொங்கிக்கொண்டு வருபவர்களில் எத்தனை பேர் அக்கடிதத்தைக் கண்டார்கள்? அவர்களும் என்னுடைய பியதாசவைப் போலத்தான், தங்கள் பெயரால் எழுதப்பட்ட ஒன்றைப் பிறகு கேள்விப்பட்டார்கள்.

அதே 2020 செப்டெம்பரில்தான் காலி வீதி, ஹைலெவல் வீதி போன்றவற்றில் பஸ்ஸுக்கு இடப்பக்க ஒழுங்கையை ஒதுக்கும் சட்டத்தைப் பொலிசார் நடைமுறைப்படுத்திப் பார்த்தார்கள். முச்சக்கரவண்டிகளையும் மோட்டார் சைக்கிள்களையும் அதே ஒழுங்கைக்குள் தள்ளினார்கள். கூச்சல் எழுந்ததும் சில நாட்களில் அவற்றை வெளியே எடுத்தார்கள். அந்தச் சில நாட்களில் மற்ற ஒழுங்கைகளில் கார்கள் எவ்வளவு சுகமாகப் போயின என்பதைக் காரிலிருந்து கண்டு மெச்சியவர்களில் நானும் ஒருவன்.

ஐயாவை நினைக்கிறேன். அவர் கொழும்பில் கிளாக்கராக இருந்த காலத்தில் பொரளைக்கு டிராமில் போய்வந்தவர். 1899இல் தொடங்கிய டிராம், கிராண்ட்பாஸுக்கு ஒரு பாதை, பொரளைக்கு ஒரு பாதை. 1944இல் மாநகர சபை அதைப் பொறுப்பேற்றது. 1953இல், மேலே கட்டிய கம்பியிலிருந்து மின்சாரம் எடுத்து ஓடும் டிரொலி பஸ்கள் வந்தன. 1960இல் டிராம் முற்றாக நின்றது. டிரொலி பஸ்ஸும் 1964உடன் முடிந்தது. முடிவதற்கு முந்திய வருடம் ஐயா என்னைக் கொழும்புக்குக் கூட்டிவந்தபோது, அதன் மேல்தட்டில் ஏறி இருந்திருக்கிறேன். ஒரு வளைவில் மேலேயிருந்த கோல் கம்பியிலிருந்து நழுவியது. வண்டி சத்தமே இல்லாமல் நின்றது. நடத்துனர் இறங்கி, நீண்ட தடியொன்றால் மேலே பார்த்தபடி கோலைத் திரும்பக் கொளுவினார். மின்சாரத்தில் ஓடும் பஸ்ஸை ஏதோ நாளைய அதிசயம் போல இப்போது பேசும் இளைஞர்களிடம் இதைச் சொன்னால், மாமாவுக்கு ஞாபகம் தடுமாறுகிறது என்ற பார்வை கிடைக்கிறது.

சரி, கூட்டம். சென்ற வெள்ளிக்கிழமை மனுவை அனுப்பமுன் கடைசிக் கூட்டம் நடந்தது. நான் எழுந்து, மனுவில் இரண்டு வாக்கியங்கள் உண்மையல்ல, அவற்றை எழுதியவன் நானே, எடுத்துவிடவேண்டும் என்றேன். சிங்களத்திலும் ஒரு பிரதி எழுதி எல்லோருக்கும் வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்து வாங்கவேண்டும் என்றும் கேட்டேன். மண்டபத்தில், சோற்றில் கல் கடித்தது போன்ற ஓர் அமைதி. பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

எல்லோரும் மூடர் என்று எண்ணிவிடாதேயும். கீழ்த்தளத்தில் இருக்கும் ஆசிரியை, இரவில் தன் தாயாருக்கு மூச்சு முட்டினால் அம்புலன்ஸ் எங்கே நிற்கும் என்று கேட்டார். நல்ல கேள்வி, இப்போதும் கார்வரிசைக்கு வெளியே, நடுவீதியில்தான் நிற்கிறது என்றேன். அவர் யோசித்தார். மூலைக் கொத்துரொட்டிக் கடை முதலாளி வெளிப்படையாகவே பேசினார். காரில் வருபவர் ஐந்து நிமிடம் நிறுத்த முடியாவிட்டால் தெஹிவளைக்குப் போய்விடுவார். வாடகை கட்டுவது நான், நீங்கள் அல்ல என்றார். உங்கள் கடைப் பையன்களே சைக்கிளில்தானே வருகிறார்கள் என்றேன். "வருகிறார்கள்தான் ஐயா, ஆனால் அவர்கள் என் கடையில் வாங்கிச் சாப்பிடுவதில்லையே" என்றார். எனக்கு வாயடைத்துவிட்டது. அந்த வாடகையை நானும் கேள்விப்பட்டிருக்கிறேன். அவர் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

கை உயர்த்தச் சொன்னார்கள். என் பக்கம் மூன்று கைகள். மூன்றாவது கை மின்விசிறியைக் குறைக்கச் சொல்வதற்காக உயர்ந்தது என்பதைப் பிறகு அறிந்தேன்.

இதற்குப் பின்னும் வெட்கக்கேடு ஒன்று இருக்கிறது. உமக்கு மட்டும் சொல்கிறேன். மனுவைச் செயலாளரின் மகள் தட்டச்சிட்டுக் கொண்டுவந்து, மாமா ஒருமுறை பார்த்துத் தாருங்கள் என்றாள். "வாகன தரிப்பிடம்" என்று அடித்திருந்தாள். ஒற்று மிகவேண்டிய இடம், சண்முகம். கண்ணை மூடிக்கொள்ளத்தான் பார்த்தேன். கடைசியில் பேனையை எடுத்து "த்" போட்டுக் கொடுத்துவிட்டேன். மாஸ்டரின் பிரம்பை அனுபவித்த நீராவது என்னை மன்னிப்பீர்.

பதினேழாவது கையெழுத்தை வெட்டிவிடுவோமா என்று பியதாசவிடம் கேட்டேன். வேண்டாம் என்றார். சம்பளம் செயலாளரின் கையால்தான் வருகிறது, வெட்டினால் ஏன் என்று கேட்பார் என்றார். மனுவின் அந்த இரண்டு வாக்கியங்களும் உண்மையல்ல என்று நான் தனியே ஒரு கடிதம் எழுதினேன்; அதைப் பேரன் சிங்களத்தில் பெயர்த்துத் தந்தான். பியதாச அதை முழுவதும் வாசித்துவிட்டு, சரியாகத்தான் எழுதியிருக்கிறீர்கள், ஆனால் இதிலும் என்னால் கையெழுத்து வைக்க முடியாது என்றார். ஆகவே அது என் ஒரே கையெழுத்துடன் திங்கட்கிழமை தபாலில் போகிறது.

உம்மிடம் ஒரு காரியம். உமது வீட்டுப் பின்கோடியில் பழைய டைனமோ விளக்கு ஒன்று கிடந்ததே, அது இன்னும் எரியுமா? எனக்கல்ல, என் லுமாலாவுக்கு முதலில் புதுச் சங்கிலி போடவேண்டும். பியதாசவின் சைக்கிளுக்கு. தவராசாவின் மகன் இரவு பஸ்ஸில் வரும்போது கொடுத்துவிடும். மாம்பழப் பெட்டிக்குள் வைப்பதானால் மேலே வைக்கச் சொல்லும். போனமுறை அவன் உம்முடைய கருத்தகொழும்பானின் மேல் எதை வைத்துக் கொண்டுவந்தான் என்பதை நான் இங்கே எழுதப்போவதில்லை.

என்றும் அன்புடன்,
தேவன்