உலக முடிவுக்குப் போகும் நாள்: மகளுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மகள் கவிதாவுக்கு,

பெப்ரவரியில் பிள்ளைகளோடு வரும்போது ஹோட்டன் சமவெளிக்குப் போய், உலக முடிவு என்கிற செங்குத்து மலை விளிம்பைக் காட்ட வேண்டும் என்று கேட்டிருந்தாய். மாதம் நல்ல மாதம்தான். ஜனவரி முதல் மார்ச் வரை மழை குறைவு, காலையில் வானம் துப்புரவாக இருக்கும். ஏப்ரலில் நுவரெலியா சீசன் கூட்டம் அங்கேயும் வந்து நிறையும். ஜூன் தொடங்கினால் காற்றும் மழையும் ஆளைத் தள்ளும். சனி, ஞாயிறு, போயா (பௌர்ணமி விடுமுறை) தினங்களை விட்டுவிட்டு ஒரு வாரநாளைப் பார்.

இந்தப் பயணத்தில் மற்றதெல்லாம் முன்பின் ஆனாலும் சமாளிக்கலாம், நேரம் தப்பினால் முடியாது. விளிம்பில் நீங்கள் எட்டு மணிக்கு நிற்க வேண்டும். கீழே பலாங்கொடை, பெலிஹுல்ஓயா பக்கம் வெயில் ஏற ஏற, அங்குள்ள ஈரக்காற்று சூடாகி மேலே கிளம்புகிறது. செங்குத்தான மலைச்சுவரில் ஏறி வரும்போதே குளிர்ந்து, விளிம்புக்கு வந்து சேர்கையில் மூடுபனியாகிவிடுகிறது. பெரும்பாலான நாட்களில் ஒன்பதரை, பத்துக்கெல்லாம் முன்னால் வெள்ளைத் திரைதான். பதினொரு மணிக்குப் போய்விட்டு “ஒன்றுமே தெரியவில்லை” என்று திரும்பும் ஆட்கள் எத்தனையோ பேர். சூரிய உதயம் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதே. வாசலைத் திறப்பதே காலை ஆறு மணிக்கு, அதற்குப் பிறகுதான் நடையே.

அதனால் நுவரெலியாவிலிருந்து நாலரைக்கு வேன் புறப்பட வேண்டும். அம்பேவல, பட்டிப்பொல வழியாகச் சுமார் 32 கிலோமீட்டர்தான், ஆனால் வளைவும் ஏற்றமும் பனியும் சேர்ந்து ஒன்றேகால் மணி நேரம் எடுக்கும். ஓஹிய வழி அப்புத்தளை, பண்டாரவளைப் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கு. ரயிலில் ஓஹியவில் இறங்கிப் போகலாமா என்று மருமகன் கேட்டாராம். ரயில் வருகிற நேரத்துக்கும் மூடுபனிக்கும் ஒத்துவராது. ஸ்டேஷனிலிருந்து மேலே ஏறுவதற்கே காலை முழுக்கப் போய்விடும். ரயில் ஆசையை இன்னொரு நாள் எல்ல ஊர்ப் பக்கம் தீர்த்துக்கொள்ளட்டும்.

டிக்கெட் கவுண்டரில் உள்ளூராருக்கு ஒரு விலை, வெளிநாட்டவருக்குப் பல மடங்கு. உன் இலங்கை அடையாள அட்டை இருந்தால் மறக்காமல் எடுத்துவா. பாஸ்போர்ட்டுகளையும் கையில் வைத்துக்கொள்.

நடை தொடங்கும் இடம் ஃபார் இன். வேன் அதுவரைக்கும்தான் வரும். மலசலகூடமும் அங்கே மட்டும்தான், பாதையில் எங்கும் இல்லை. பிள்ளைகளை அங்கேயே போகவைத்துக் கூட்டிப்போ. பாதை தொடங்குமுன் பையைத் திறந்து பார்ப்பார்கள். பொலித்தீன் எதையும் உள்ளே விடமாட்டார்கள். பிஸ்கட் பக்கற்றைப் பிரித்துக் கடதாசியில் கொட்டித் தருவார்கள், தண்ணீர்ப் போத்தலில் சுற்றியிருக்கும் லேபலைக்கூட உரித்துவிடுவார்கள். கண்டிப்பு நியாயமானதுதான். அங்கே ஆள் பயமில்லாமல் திரியும் மரைகள் (பெரிய மான்கள்) சாப்பாட்டு வாசத்துக்குப் பொலித்தீனையும் விழுங்கிவிடும். வரிசையில் நேரம் போகாமலிருக்க முதல் நாள் இரவே லேபலை உரித்துவிடு. ரொட்டியும் சம்பலும் அம்மா கட்டித் தருவாள், மூடியுள்ள டப்பாவில் வை. மரைக்குச் சின்னவள் ரொட்டி நீட்டாமல் பார்த்துக்கொள். கொம்புள்ள ஆண் மரை கிட்டே வந்தால் ஒதுங்கி நில்லுங்கள்.

சுற்றுப்பாதை ஏறக்குறைய ஒன்பது கிலோமீட்டர். தொடக்கத்திலேயே பாதை பிரியும், பலகை இருக்கிறது. சின்ன உலக முடிவுப் பக்கம் முதலில் போ. பேக்கர் நீர்வீழ்ச்சிப் பக்கம் முதலில் போனால் அங்கேயே அரை மணி நேரம் நின்றுவிட்டு, விளிம்புக்குப் போகையில் பனி வந்திருக்கும். நீர்வீழ்ச்சி பத்து மணிக்கும் அங்கேதான் இருக்கும். ஆறரைக்கு நடக்கத் தொடங்கினால் ஏழேகாலுக்குச் சின்ன உலக முடிவு, எட்டுக்குப் பெரியது. பிள்ளைகள் இருப்பதால் அரை மணி நேரம் கூட்டிக்கொள்.

பெரிய விளிம்பில் நிலம் சுமார் 870 மீட்டர் கீழே இறங்குகிறது. நேர் கீழே தேயிலைத் தோட்டமும் தொழிலாளர் லயன் வீடுகளும், தள்ளி உடவளவை நீர்த்தேக்கம். வானம் முழுக்கத் தெளிந்திருந்தால் தெற்கே கடல் ஒரு கோடாகத் தெரியும். பனி வந்து மூடினாலும் உடனே கிளம்பாதே. காற்று மாறினால் கால் மணி நேரத்தில் கிழிந்து திறக்கும், பத்து நிமிடம் தெரிந்துவிட்டு மறுபடி மூடும்.

விளிம்பில் பின்னால் நகர்ந்து படம் எடுக்கக்கூடாது. 2015இல் நெதர்லாந்திலிருந்து தேனிலவுக்கு வந்தவர் மனைவியைப் படம் எடுக்கப் பின்வாங்கி விழுந்தார். கீழே ஒரு மரம் தாங்கியதால் பிழைத்தார், இராணுவத்தினர் மேலே கொண்டுவந்தார்கள். நின்ற இடத்தில் நின்றுதான் படம். பெரியவன் கையை மருமகன் விடவே கூடாது.

திரும்பும் வழியில் பேக்கர் நீர்வீழ்ச்சிக்கு இறங்கும் படிதான் இந்த நடையிலேயே வழுக்கும் இடம். ஈர வேர், பாசிக்கல். குளிக்க இறங்க வேண்டாம், நீரோட்டம் ஏமாற்றும். மற்ற இடங்களில் வெள்ளைக் கற்பொடி சறுக்கும், அதனால் அடியில் பிடிமானம் உள்ள சப்பாத்து வேண்டும். செருப்பு ஒருவருக்கும் வேண்டாம்.

சமவெளி 2,100 மீட்டர் உயரம். பெப்ரவரி விடியலில் புல்மேல் உறைபனி கிடக்கும், ஒன்பதுக்கு மேல் வெயில் தோலைச் சுடும். கனடாவிலிருந்து வரும் நீங்கள் குளிரை மதிக்கமாட்டீர்கள், வெயிலில்தான் மாட்டுவீர்கள். ஒரே தடித்த ஜாக்கெட்டை விட, கழற்றிப் பையில் திணிக்கக்கூடிய மெல்லிய இரண்டு உடுப்புகள் நல்லது. தொப்பி, சன்ஸ்கிரீன், ஆளுக்கு ஒன்றரை லீட்டர் தண்ணீர். மழைச் சட்டையும் இருக்கட்டும். அட்டைக்கடி அந்த மாதத்தில் பெரிய தொல்லை இல்லை.

பதினொரு மணிக்குள் ஃபார் இன்னுக்குத் திரும்பிவிடலாம். பிள்ளைகள் தூங்காவிட்டால் வழியில் அம்பேவல பால்பண்ணையில் நிறுத்தி ஆளுக்கொரு பால் வாங்கிக் கொடு.

அம்மாவின் முழங்கால் இவ்வளவு நடைக்குத் தாங்காது, நாங்கள் வீட்டில் இருக்கிறோம். திகதியை உறுதி செய்து சொல், வேன்காரரிடம் பேசி வைக்கிறேன். நாலரை என்று சொன்னால் ஐந்துக்கு வருவார், அவரிடம் நாலு என்றுதான் சொல்லப்போகிறேன்.

அன்புடன்,
அப்பா