காவலர்கள் மீதான புகார்களைத் தனித்த அமைப்பு விசாரிக்கவும், காவல் நிலையக் கேமரா பதிவுகளைப் பாதுகாக்கவும் வேண்டி மனு

பெறுநர்:
உள்துறைச் செயலாளர் அவர்கள்,
உள், மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை,
தலைமைச் செயலகம், சென்னை – 600 009.

பொருள்: காவல்துறையினர் மீதான புகார்களைக் காவல்துறையே விசாரிக்கும் நிலையை மாற்றக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். மாவட்ட ஆட்சியர் அலுவலக வாசலில் மனு எழுதிக் கொடுப்பது என் தொழில். பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, வாரிசுச் சான்று என்று எழுதும் மனுக்களுக்கு நடுவே காவலர்கள் மீதான புகார்களும் வருகின்றன. பட்டா கேட்டு எழுதியவர் மனுவைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போகிறார். காவலர் மீது எழுதியவரோ மனுவைக் கொடுத்த நிமிடத்திலிருந்து பயப்படத் தொடங்குகிறார். அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு என்பதால்தான் இம்மனுவைத் தங்களுக்கு எழுதுகிறேன்.

ஆட்சியரிடமோ காவல் கண்காணிப்பாளரிடமோ கொடுக்கப்படும் அத்தகைய மனு, "தக்க நடவடிக்கைக்காக" என்ற குறிப்போடு படிப்படியாகக் கீழே இறங்கி, பல நேரங்களில் புகாருக்கு உள்ளானவர் பணிபுரியும் அதே உட்கோட்டத்துக்கும், சில நேரங்களில் அதே காவல் நிலையத்துக்கும் வந்து சேர்கிறது. பிறகு மனுதாரரைத் தொலைபேசியில் அழைத்து நேரில் வரச் சொல்கிறார்கள். யார் மீது புகார் சொன்னாரோ அவர் உட்கார்ந்திருக்கும் அறையைத் தாண்டிப் போய், நிலைய எழுத்தர் மேசையின் முன் நின்று, "மேல் நடவடிக்கை தேவையில்லை" என்று ஏற்கெனவே எழுதி வைக்கப்பட்ட தாளில் கையெழுத்திட்டுவிட்டு அவர் திரும்புகிறார். மனு முடித்து வைக்கப்பட்டதாகக் கோப்பில் பதிவாகிவிடுகிறது. என்னிடம் மறுபடி வந்து, "இனிமேல் இதைப் பற்றி எழுத வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போனவர்கள் இருக்கிறார்கள்.

இதற்கான தீர்வை உச்ச நீதிமன்றம் 2006 செப்டம்பர் 22 அன்று பிரகாஷ் சிங் வழக்கில் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. காவலர்கள் மீதான புகார்களை விசாரிக்க மாநில அளவில் ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற அல்லது உச்ச நீதிமன்ற நீதிபதியும், மாவட்ட அளவில் ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதியும் தலைமை வகிக்கும் ஆணையங்கள் வேண்டும் என்றும், அவற்றின் பரிந்துரைகள் உரிய அதிகாரிகளைக் கட்டுப்படுத்தும் என்றும் அத்தீர்ப்பு கூறுகிறது. ஆனால் 2013-ஆம் ஆண்டின் தமிழ்நாடு காவல்துறை (சீர்திருத்தங்கள்) சட்டம், மாநில ஆணையத்தின் தலைவராக உள்துறைச் செயலாளரையும் உறுப்பினர்களாகக் காவல்துறை உயர் அதிகாரிகளையும் அமர்த்தியது. மாவட்ட ஆணையத்தில் ஆட்சியர் தலைவர், கண்காணிப்பாளர் உறுப்பினர். தங்கள் பதவியின் மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனாலும் காவல்துறையை நிர்வகிக்கும் பொறுப்பிலுள்ள ஒருவரே அதன் மீதான புகார்களுக்கும் நடுவராக இருந்தால், அவர் எவ்வளவு நேர்மையாகத் தீர்ப்புச் சொன்னாலும் அடிபட்டவரால் அதை நம்ப முடியாது. இந்த ஏற்பாட்டை மாற்ற வேண்டும் என்று தாங்களே அரசுக்குப் பரிந்துரைத்தால், அதற்குள்ள வலிமை வேறு எவர் சொல்லுக்கும் இருக்காது.

அடுத்தது சாட்சியம் பற்றியது. 2020 ஜூன் மாதம் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவல்துறையின் பிடியில் தாக்கப்பட்டு உயிரிழந்தபோது, அந்த நிலையத்தில் கேமராக்கள் இல்லாமல் இல்லை. வன்தட்டில் போதிய இடம் இருந்தும், பதிவுகள் நாள்தோறும் தாமாகவே அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததை விசாரிக்கச் சென்ற நீதித்துறை நடுவர் உயர் நீதிமன்றத்துக்கு அறிக்கையாகத் தெரிவித்தார். அதே ஆண்டு டிசம்பர் 2 அன்று, பரம்வீர் சிங் சைனி வழக்கில், நுழைவாயில் முதல் லாக்கப், தாழ்வாரம், ஆய்வாளர் அறை, நிலையத்தின் பின்பகுதி வரை ஒலியுடன் பதிவு செய்யும் கேமராக்கள் இருக்க வேண்டும் என்றும், பதிவுகளை 18 மாதங்கள், அதற்கு வசதியில்லாத இடத்தில் குறைந்தது ஓராண்டு வைத்திருக்க வேண்டும் என்றும் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. கேமராக்களைப் பராமரிக்கும் பொறுப்பு நிலையப் பொறுப்பு அதிகாரியுடையது. நடைமுறையில் பதிவும் அவர் கைக்கெட்டும் இடத்திலேயே இருக்கிறது. புகார் அவர் மீதே வரும்போது சாட்சியத்தை அவரிடமே விட்டுவைப்பது எந்த விசாரணை முறையிலும் ஏற்கத்தக்கதன்று.

கேமரா மட்டும் போதாது என்பதையும் நாம் பார்த்துவிட்டோம். சிவகங்கை மாவட்டம் மடப்புரத்தில் கோயில் காவலாளியாக இருந்த இளைஞர், நகை காணாமல் போனதாக வந்த புகாரில், 2025 ஜூன் மாதம் தனிப்படைக் காவலர்களின் விசாரணையில் உயிரிழந்தார். அவர் தாக்கப்பட்டதை உலகுக்குக் காட்டியது அரசின் கேமரா அல்ல, மறைவிலிருந்து ஒருவர் கைப்பேசியில் எடுத்த காணொளி. நிலையத்துக்கு வெளியே, எந்தப் பதிவேட்டிலும் ஏறாமல் நடக்கும் விசாரணைகளே எனக்கு மிகுந்த அச்சம் தருகின்றன. பதிவேட்டில் பெயர் இல்லாதவரை வீட்டார் எங்கே போய்த் தேடுவார்கள்?

காவலர்கள் அனைவரையும் குற்றம் சொல்வது என் நோக்கமன்று. சாத்தான்குளத்தில் நடந்ததை நடுவரிடம் துணிந்து சொன்னவரும் அதே நிலையத்தின் பெண் தலைமைக் காவலர்தான். அவரைப் போன்றவர்கள் உண்மை சொன்ன பிறகும் அச்சமின்றிப் பணியில் தொடர வேண்டும். பொய்ப் புகாருக்கு ஆளாகும் காவலரைக் காப்பாற்றுவதும் அழிக்கப்படாத கேமரா பதிவுதான்.

ஆகவே, புகார் ஆணையங்களுக்கு ஓய்வுபெற்ற நீதிபதிகள் தலைமை வகிக்கும்படி 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்த அரசுக்குப் பரிந்துரைக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன். அதுவரையிலும், ஒரு காவலர் மீதான புகாரை அவர் பணிபுரியும் உட்கோட்டத்துக்கு அனுப்பக் கூடாது என்றும், மனுதாரரை அந்த நிலையத்துக்கு அழைக்கக் கூடாது என்றும் சுற்றறிக்கை அனுப்ப வேண்டும்; இதற்குச் சட்டத் திருத்தம் தேவையில்லை, தங்கள் கையெழுத்தே போதும். கேமரா பதிவுகளின் நகல் நிலையத்துக்கு வெளியே, அந்நிலைய அதிகாரிகளால் அழிக்க முடியாத இடத்தில் சேமிக்கப்பட வேண்டும். புகார் வந்த அன்றே உரிய பதிவு தனியே எடுத்துப் பாதுகாக்கப்பட வேண்டும். பதிவைப் பாதுகாக்கக் கோரும் உரிமை பாதிக்கப்பட்டவருக்கு உண்டு என்பதைப் பரம்வீர் சிங் சைனி தீர்ப்பில் சொன்னபடி நிலைய வாசலில் பெரிய எழுத்தில், தமிழில் எழுதி வைக்க வேண்டும். பதிவேட்டில் ஏற்றாமல் யாரையும் விசாரணைக்கு அழைத்துச் செல்வது, தனிப்படையானாலும் சரி, துறை நடவடிக்கைக்கும் குற்ற வழக்குக்கும் உரிய செயலாகக் கருதப்பட வேண்டும்.

இம்மனுவின் மீது எடுக்கப்படும் நடவடிக்கையை எழுத்துமூலம் தெரிவிக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்