எந்த ரோஸ்ஸி என்று கேளுங்கள்

வினாடி வினா நடத்தும் ஐயா, அம்மா அனைவருக்கும் வணக்கம்.

போன வாரம் நடந்த பள்ளி மாணவர் போட்டியைப் பற்றித்தான் எழுதுகிறேன், எந்தக் கேள்வி என்று உங்களுக்கே தெரியும். 'இத்தாலியின் ரோஸ்ஸி எந்தத் துறையில் புகழ்பெற்றவர்?' என் தம்பி மகள் 'இயற்பியல்' என்று எழுதினாள், உங்கள் விடைத்தாளில் 'பைக் பந்தயம்' என்று இருந்ததாம், அடித்துவிட்டீர்கள். அதுகூடப் பரவாயில்லை. எழுந்து நின்று கேட்ட பிள்ளையிடம் "இயற்பியலில் அப்படி யாரும் இல்லைம்மா, உட்காரு" என்று மைக்கிலேயே சொன்னீர்கள், அரங்கமே சிரித்தது. அவள் பேனாவை மூடி வைத்துவிட்டாள், அப்புறம் வந்த கேள்விகளுக்கு எதுவுமே எழுதவில்லை.

அப்படி ஒருவர் இருந்தார் ஐயா. புரூனோ ரோஸ்ஸி, 1905இல் வெனிஸில் பிறந்தவர். விண்ணிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களைப் பிடிக்க 1930இல் ஒரு மின்சுற்று செய்தார். கதிர் பட்டால் துடிக்கும் கைகர் கருவிகள் பலவற்றை அதில் இணைத்தால், எல்லாமே ஒரே கணத்தில் துடித்தால்தான் பதிவாகும், ஏதோ ஒன்று மட்டும் தற்செயலாகத் துடித்தால் கணக்கில் வராது. கணினிப் பாடத்தில் 'ஆண்ட் கேட்' என்று பிள்ளைகள் படிக்கிறார்களே, அதே வேலைதான். பதுவா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகி, அங்கே புதிய இயற்பியல் நிலையத்தைக் கட்டியெழுப்புவதிலேயே வருடக்கணக்கில் உழைத்தார். கட்டி முடித்த கையோடு 1938இல் இனச் சட்டம் வந்தது, யூதர் என்பதால் வேலை போனது, நாட்டைவிட்டே கிளம்ப வேண்டியதாயிற்று. அன்றைய இத்தாலியின் சர்வாதிகாரி முசோலினிக்கு அவரை இல்லாமல் ஆக்க ஒரு சட்டம் தேவைப்பட்டது, உங்களுக்கு ஒரு மைக் போதுமாக இருந்தது.

கொஞ்சம் கடுமையாகச் சொல்லிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது ஒன்றுதான்: முழுப் பெயரைப் போட்டுக் கேளுங்கள்.

இத்தாலியில் ரோஸ்ஸி என்பது எங்கு பார்த்தாலும் இருக்கும் குடும்பப்பெயர். நம்மூரில் 'குமார் என்ன செய்கிறார்?' என்று கேட்பது மாதிரிதான். கால்பந்து வீரர் பாவ்லோ ரோஸ்ஸி சூதாட்ட வழக்கில் தடை வாங்கி, தடை முடிந்த சூட்டோடு 1982 உலகக் கோப்பைக்குப் போனார், முதல் நான்கு ஆட்டத்தில் ஒரு கோல்கூட இல்லை, அப்புறம் பிரேசிலுக்கு எதிராக மட்டும் மூன்று, மொத்தம் ஆறு கோல், கோப்பை இத்தாலிக்கு. ஆல்டோ ரோஸ்ஸி கட்டடக் கலைஞர், 1990இல் கட்டடக் கலைக்கான பிரிட்ஸ்கர் பரிசு வாங்கினார். சரி, பைக்தான் வேண்டும் என்றாலும் ஒருவரோடு முடியவில்லையே! உங்கள் விடைத்தாளில் இருக்கும் பைக் வீரர் வாலண்டினோ ரோஸ்ஸியின் அப்பா கிராஸியானோவும் பந்தய வீரர்தான், மகன் பிறந்த 1979இலேயே கிராண்ட் பிரி பந்தயங்களில் ஜெயித்தவர், ஊரே டீ-சர்ட்டில் போட்டுக்கொண்டு திரிகிற அந்த 46ஆம் எண்ணும் அப்பாவிடமிருந்து வந்ததுதான்.

பொது அறிவு என்ற பெயரில் ஒரு புத்தகத்தைப் பார்த்து இன்னொரு புத்தகம், அதைப் பார்த்து உங்கள் கேள்வித்தாள், கடைசியில் ஒரு மனிதரின் மொத்த வாழ்க்கையும் 'துறை' என்று ஒரு கட்டத்துக்குள் அடங்கிவிடுகிறது. அந்தக் கட்டத்துக்கு வெளியே ஏதாவது படித்துவிட்டு வருகிற பிள்ளைக்கு உங்கள் மேடையில் இடம் உண்டா இல்லையா என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டால் எங்களுக்கும் பஸ் செலவு மிச்சம்.

இன்னொன்று. எக்ஸ்-கதிர் உமிழும் பொருள் சூரியனைத் தாண்டி வானத்தில் இருக்குமா என்று தேடிப் பார்க்கத் தூண்டியவர் புரூனோதான். 1962இல் ராக்கெட் விட்டுப் பார்த்ததில் விருச்சிகம் பக்கம் ஒன்று அகப்பட்டது. அந்தக் குழுவை நடத்திய ஜியாக்கோனிக்கு 2002இல் நோபல் கிடைத்தது, அப்போது புரூனோ உயிரோடு இல்லை. 1995இல் நாசா ஏவிய செயற்கைக்கோளுக்கு அவர் பெயரை வைத்தார்கள். அவள் இதையெல்லாம் படித்துவிட்டுத்தான் 'இயற்பியல்' என்று எழுதினாள்.

எனவே தயவுசெய்து அடுத்த சுற்றிலிருந்து முழுப் பெயர் போட்டுக் கேளுங்கள். அவளுக்குச் சேர வேண்டிய அந்த ஒரு மதிப்பெண்ணையும் கொடுத்துவிடுங்கள், முடிந்தால் அதே மைக்கில் அறிவித்து.

இப்படிக்கு,
ஒரு போட்டியாளரின் பெரியப்பா