தண்ணீரை வெளியே இறைக்கிற ஊர்

அன்புக் கண்ணுவுக்கு,

உன் அம்மாயி, அதுதான் என் அம்மா, போனில் சொன்னது பாதிதான் கேட்டது என்றாயே, அதனால் எழுதுகிறேன்.

தீபாவளி லீவில் ஆலப்புழை போய்விட்டு வந்தோம். சேலத்தில் நடுராத்திரிக்கு மேல் ரயில் ஏறி, காலையில் போய் இறங்கினோம். ஹவுஸ்போட் வாடகை கட்டுப்படி ஆகவில்லை. கோட்டயம் வரை போகிற அரசுப் படகில் ஏறினோம், அதுவே நல்லதாகப் போயிற்று. ஊர் சனத்தோடு ஒரு கேஸ் சிலிண்டரும் ஏறி வந்தது. வாய்க்காலின் இரு பக்கமும் வீடுகள், வாசற்படி நேராகத் தண்ணீரில்தான் இறங்குகிறது. கடைசிப் படியில் ஒரு பெண் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். படகின் அலை வந்ததும் தலையைக்கூடத் தூக்காமல், சட்டியை மட்டும் ஒரு படி மேலே எடுத்து வைத்துக்கொண்டாள். ஏற்காடு ஏரியில் பெடல் படகு லேசாக ஆடினாலே என் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வாயே, அந்த ஞாபகம் வந்தது.

நடுவில் ஆகாயத்தாமரை படகின் மோட்டார் விசிறியில் சுற்றி, படகு கொஞ்ச நேரம் நின்றது. அப்புறம் வேம்பநாட்டு ஏரி. அங்கேதான் அந்த வயல்களைப் பார்த்தோம். ஏரியை ஒட்டிய குட்டநாட்டில் வயல் கடல் மட்டத்துக்கும் கீழே இருக்கிறது கண்ணு. கரைக்கு இந்தப் பக்கம் நம் படகு உயரத்தில் போகிறது, அந்தப் பக்கம் வயல் பள்ளத்தில் கிடக்கிறது. மோட்டார் வைத்துத் தண்ணீரை வயலிலிருந்து ஏரிக்கு இறைத்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் வற்றினால்தான் விதைக்கவே முடியுமாம். 'பெட்டியும் பறையும்' என்று அதற்கென்றே மரத்தில் செய்த பழைய பம்பு ஒன்று உண்டு என்று பக்கத்து சீட்டுக்காரர் சொன்னார்.

அம்மாயி அவரையே பார்த்தார். "தண்ணிய வெளிய எறைச்சுப்போட்டா வெள்ளாமை பண்றீங்க?" என்று கேட்டுவிட்டு, அப்புறம் வெகுநேரம் பேசவில்லை. மேட்டூர் கிழக்குக்கரைக் கால்வாயின் கடைமடையில் வாழ்க்கைப்பட்டவர் அல்லவா. ஆகஸ்ட் 1 தண்ணீர் விடுவார்களா, டிசம்பர் 15 வரை நிற்குமா என்பதே அவருக்கு வருஷக் கணக்கு. 120 அடி அணையில் இன்றைக்கு எத்தனை அடி என்று பேப்பரில் பார்க்காமல் இன்னும் காப்பி குடிப்பதில்லை. ராத்திரியில் உன் அப்புச்சி லாந்தரோடு மடை திருப்பப் போனால், திரும்பி வரும்வரை தூங்காமல் திண்ணையில் உட்கார்ந்திருப்பாராம். படகில் அதைச் சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. "உங்க அப்பா இதைப் பாக்காமப் போயிட்டாரே" என்றார் என்னிடம். எனக்கும் தாங்கவில்லை.

வந்ததிலிருந்து தெருவில் எல்லோரிடமும் அந்த வயலைப் பற்றித்தான் பேசுகிறார். உனக்கும் நேரில் சொல்ல வேண்டுமாம். ஆகஸ்டில் பத்து நாளாவது வா. பூலாம்பட்டியில் விசைப்படகு ஏறி, காவிரியைத் தாண்டி நெரிஞ்சிப்பேட்டை போய்வரலாம். அம்மாயி உன் பக்கத்தில்தான் உட்காருவேன் என்று இப்போதே சொல்லிவிட்டார்.

லீவு கிடைக்குமா என்று கேட்டு எழுது.

அன்புடன்,
அம்மா