மூன்று கிட்னியையும் தேடிப் பார்த்தவர்களுக்கு

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் மாற்றுச் சிறுநீரகத்தோடு இருப்பவர்களும் வீட்டாரும் சேர்ந்து எழுதும் நன்றி மடல் இது. வைத்த கிட்னியில் வந்த கட்டியைச் சிறிதாக இருக்கும்போதே கண்டுபிடித்து, கிட்னியையும் காப்பாற்றித் தந்தவர்களுக்கு.

முதல் நன்றி ஸ்கேன் அறைக்கு. வைத்த கிட்னி அடிவயிற்றில், தோலை ஒட்டி இருப்பதால் சட்டென்று தெரிந்துவிடும். பழைய இரண்டையும் பெரும்பாலும் எடுப்பதில்லை. சுருங்கிப்போய், குடல் காற்றுக்குப் பின்னால் மறைந்து கிடக்கும். நம்மைப் போன்றவர்களுக்குக் கிட்னிப் புற்றுநோய் வந்தால் அந்தப் பழைய கிட்னிகளில்தான் அதிகம் வருகிறது. பல வருடம் டயாலிசிஸில் இருந்து நீர்க்கட்டி விழுந்திருந்தால் இன்னும் கவனம் வேண்டும். வைத்த கிட்னியில் வருவது நூறில் ஒருவருக்கும் குறைவு. ஆனால் அதற்கு நரம்புத் தொடர்பு அறுந்துவிட்டதால் வலி தெரியாது. கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று ரத்தத்தில் காட்டும் கிரியாட்டினினும் ஏறாமல் இருக்கலாம். ஆகவே பார்த்தால்தான் உண்டு. "ஒருக்களிச்சுப் படுங்கம்மா, மூச்சை இழுத்துப் பிடிங்க" என்று பொறுமையாகத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ரிப்போர்ட்டில் மூன்று கிட்னிக்கும் தனித்தனியே அளவு எழுதிய கைகளுக்கு நன்றி.

அடுத்து, கிட்னியையே எடுத்துவிடலாம் என்று அவசரப்படாத மருத்துவர்கள். எடுத்தால் மறுபடி டயாலிசிஸ்தான். கட்டி 4 செ.மீ.க்குள் இருந்து, இடமும் தோதாக இருந்தால், அதை மட்டும் வெட்டி எடுக்கலாம், அல்லது ஊசி செலுத்திச் சுட்டுவிடலாம். வெட்டுவது லேசான வேலையில்லை. பழைய தழும்பில் எல்லாம் ஒட்டிக் கிடக்கும். ரத்தக்குழாயைக் கிளிப் போட்டு நிறுத்துகிற ஒவ்வொரு நிமிடமும் வேலை செய்கிற ஒரே கிட்னிக்குக் கேடு. சுடும்போது பக்கத்தில் கிடக்கும் குடல் வெந்துவிடும் அபாயம் உண்டு. அதற்காகக் குடலுக்கும் கிட்னிக்கும் நடுவில் குளுக்கோஸ் தண்ணீரை ஏற்றி விலக்கி வைக்கிறார்கள். ரேடியோ அலையால் சுடும்போது உப்புத் தண்ணீர் ஆகாது, அது மின்சாரத்தைக் கடத்தும். இத்தனை நுணுக்கத்தையும் எங்களுக்குப் படம் வரைந்து விளக்கிய பிறகே கையெழுத்து கேட்டார்கள். அதை மறக்க மாட்டோம்.

மாத்திரை விஷயத்தில் கைகொடுத்தவர்களும் உண்டு. எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரைதான் புற்றுநோய்க்கும் வழிவிடுகிறது என்று கேள்விப்பட்டதும் பயத்தில் நிறுத்திவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். நிறுத்தினால் உடம்பு கிட்னியை நிராகரித்துவிடும். அந்த மாத்திரைகளில் ஒன்றான டாக்ரோலிமஸைப் படிப்படியாகக் குறைத்து, சிலருக்கு அதே வேலைக்கான வேறு மாத்திரைகளான சிரோலிமஸ் அல்லது எவரோலிமஸுக்கு மாற்றுவது மருத்துவர் கையில் இருக்கிற வேலை. மாற்றித் தரும் இவை இரண்டும் புண் ஆறுவதைத் தாமதப்படுத்தும் என்பதால் ஆபரேஷன் காயம் ஆறிய பிறகே தொடங்குகிறார்கள்; சிறுநீரில் புரதம் போகிறதா என்றும் பார்க்கிறார்கள்.

ரத்தம் எடுக்கும் இடத்தில், "ராத்திரி மாத்திரை எத்தனை மணிக்குப் போட்டீங்கண்ணா? காலையில போட்டாச்சா?" என்று விடாமல் கேட்கும் தங்கைகளுக்குத் தனி நன்றி. 12 மணி நேரம் கழித்து, காலை மாத்திரைக்கு முன் எடுத்தால்தான் டாக்ரோலிமஸ் அளவு சரியாக வரும். பென்னாகரத்திலிருந்தோ தேன்கனிக்கோட்டையிலிருந்தோ விடியற்காலை பஸ் ஏறும் அவசரத்தில் மாத்திரையை விழுங்கிவிட்டால் அளவு கூடுதலாகக் காட்டும். அதை நம்பி டோஸைக் குறைத்தால் கிட்னிக்கு ஆபத்து. மாத்திரையைச் சட்டைப் பையிலேயே கொண்டுபோய், ரத்தம் கொடுத்த கையோடு போடும் பழக்கம் எங்களுக்கு அவர்களால் வந்தது. பம்பளிமாஸ் பழமும் வேண்டாம் என்று மருந்துக்கடைக்காரர்கள் சொன்னார்கள். அது டாக்ரோலிமஸ் அளவை ஏற்றிவிடும்.

கொடையாளர் குடும்பங்களுக்கு எப்படி நன்றி சொல்வது! வைத்த கிட்னியில் கட்டி வந்தால், அது கொடையாளரின் செல்லா, கிட்னியைப் பெற்றுக்கொண்டவரின் செல்லா என்று மரபணுச் சோதனையில் தெரிந்துகொள்ளலாம். கொடுத்தவர் உயிரோடு இருந்தால் அவருக்கும் ஸ்கேன் எடுக்க வேண்டும்; மூளைச்சாவு அடைந்தவர் என்றால், அவருடைய இன்னொரு கிட்னியைப் பெற்றவருக்கும் தகவல் போக வேண்டும். கொடுத்த அண்ணன்களும் அம்மாக்களும் ஒரு வார்த்தை முகம் சுளிக்காமல் ஸ்கேனுக்கு வந்து வரிசையில் உட்கார்ந்தார்கள்.