வெளியீட்டுக்கு ஒப்புதல் தருவோரே, சாவியின் கணக்கைக் கேளுங்கள்

குறியாக்க மென்பொருள் குழுக்களின் தலைவர்களுக்கும், வெளியீட்டுக்குக் கையெழுத்திடும் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

வெளியீட்டுக்கு முந்தைய ஆய்வுகளில் "என்ன அல்காரிதம்?" என்ற கேள்வி தவறாமல் வருகிறது. ஏஇஎஸ்-256 (பரவலாகப் பயன்படும் குறியாக்க முறை) என்று பதில் வந்ததும் அந்தக் கட்டத்தில் டிக் விழுந்துவிடுகிறது. அல்காரிதம் எதிராளிக்குத் தெரிந்தாலும் பரவாயில்லை, குறியாக்கத்தைத் திறக்கும் சாவி தெரியக் கூடாது என்று குறியாக்க அறிஞர் கெர்க்காஃப்ஸ் எழுதியது 1883-இல். அந்தச் சாவி எங்கே உருவானது, எத்தனை இடங்களில் நகலானது, எப்போது அழிந்தது என்பதை இன்றும் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. இந்தக் கணக்கு எழுத்தில் வராதவரை எந்த வெளியீட்டுக்கும் ஒப்புதல் தராதீர்கள். எங்கள் கோரிக்கை இது ஒன்றுதான். என்னென்ன கேட்க வேண்டும் என்பதைக் கீழே சொல்கிறோம்.

முதலில் சாவி உருவாகும் இடம். 2006-இல் டெபியன் லினக்ஸின் ஓப்பன்எஸ்எஸ்எல் (குறியாக்க நூலகம்) தொகுப்பில், மெமரிப் பிழைகளைத் தேடும் வால்கிரைண்ட் கருவி காட்டிய எச்சரிக்கையை நிறுத்துவதற்காகச் சில வரிகள் நீக்கப்பட்டன. அதன் பிறகு ரேண்டம் எண்ணாக்கிக்குள் போன மாறும் பொருள் புராசஸ் எண் மட்டுமே. ஒரே வகை, ஒரே நீளச் சாவிகளில் அதிகபட்சம் முப்பத்திரண்டாயிரத்துச் சொச்சம்தான் சாத்தியம் என்றாகிவிட்டது. 2008 மே மாதம் வெளியே தெரியும்வரை சோதனைகள் எல்லாம் பச்சையாகவே ஓடின. விதை (ரேண்டம் எண்ணாக்கிக்குத் தரும் தொடக்க மதிப்பு) மோசமாக இருந்தாலும் வெளிவரும் பைட்டுகள் பார்வைக்கும் புள்ளியியல் சோதனைக்கும் ரேண்டமாகத்தான் தெரியும். ஆகவே வெளிவந்த பைட்டுகளை ஆராய்ந்து பயனில்லை, ஊற்றைக் கேளுங்கள். லினக்ஸில் கெட்ரேண்டம், விண்டோஸில் பிகிரிப்ட்ஜென்ரேண்டம் போன்ற இயங்குதள அழைப்பு நேரடியாக இருக்க வேண்டும். அது தோற்றால் நிரல் அங்கேயே நிற்க வேண்டும். நேரத்தை விதையாக வைத்து "சமாளிக்கும்" மாற்று வழி கோடில் எங்கேயும் இருக்கக் கூடாது.

கடவுச்சொல்லிலிருந்து சாவி எடுப்பதானால், அதற்கென்றே உள்ள ஆர்கன்2ஐடி முறை. நினைவகம் குறைவான சூழலுக்கு அதை விவரிக்கும் ஆர்எஃப்சி 9106 ஆவணம் சொல்வது 64 மெபிபைட், 3 சுற்று, 4 இணைத் தடம், 16 பைட் உப்பு (கடவுச்சொல்லோடு சேர்க்கும் ரேண்டம் மதிப்பு). கடவுச்சொல்லை ஷா-256 ஹாஷில் ஒருமுறை போட்டு எடுத்ததைச் சாவி என்று சொன்னால் திருப்பி அனுப்புங்கள்.

அதிகம் கோட்டை விடுவது மெமரியில். வேலை முடிந்ததும் சாவி இருந்த பஃபரை (மெமரித் துண்டை) மெம்செட் கொண்டு பூஜ்யமாக்கியிருப்பார்கள். அதற்குப் பிறகு அந்தப் பஃபரை யாரும் படிக்காததால், எழுதுவது வீண்வேலை என்று கம்பைலர் அந்த வரியையே தூக்கிவிடும். சி மொழியின் விதிப்படி அது செய்வது சரிதான். மேம்படுத்தல் இல்லாத, பிழை தேடுவதற்கான டீபக் பில்டில் வரி அப்படியே இருக்கும், வெளியீட்டு பில்டில் காணாமல் போகும். அதனால் சோதனை செய்தவர் கண்ணில் படாது. எக்ஸ்பிளிசிட்_பிசீரோ (லினக்ஸின் சி நூலகமான கிளிப்சி 2.25 முதல்), விண்டோஸில் செக்யூர்ஜீரோமெமரி ஆகியவை இதற்கென்றே இருக்கின்றன.

அதோடு முடியவில்லை. ஏஇஎஸ்-256 சாவி 32 பைட். ஆனால் குறியாக்கம் ஓடும்போது அது 240 பைட் சுற்றுச்சாவி அட்டவணையாக விரிகிறது. அந்த அட்டவணையின் முதல் 32 பைட் வேறொன்றுமில்லை, மூலச் சாவியேதான். சாவியை அழித்துவிட்டு அட்டவணையை விட்டுவைத்த கோடு ஏராளம். மெமரி அளவை மாற்ற ரீஅலாக் அழைத்தால் தரவு புதிய இடத்துக்குப் போய்விடலாம், பழைய இடம் துடைக்கப்படாமல் கிடக்கும். ஜாவா, பைத்தான் போன்ற மொழிகளில் சாவியைச் சரமாக வைத்தால் துடைக்கவே வழியில்லை. மாற்றக்கூடிய பைட் அணியில் வைத்தாலும், ஜாவாவில் பயன்படாத மெமரியை மீட்கும் குப்பை சேகரிப்பான் அதை நகர்த்தும்போது நகல் மிஞ்சலாம். 2014 ஏப்ரலில் வெளிவந்த, ஓப்பன்எஸ்எஸ்எல்லின் ஹார்ட்பிளீட் ஓட்டை வழியே ஒரு கோரிக்கைக்கு 64 கிலோபைட் வரை சர்வரின் மெமரி வெளியே போனது. அதிலிருந்து தனிச்சாவியை மீட்டெடுக்க முடியும் என்பதையும் பலர் செய்தே காட்டினார்கள்.

மெமரியிலிருந்து வட்டுக்கு மாற்றும் ஸ்வாப்புக்குச் சாவி போகாமலிருக்க எம்லாக், நிரல் விழும்போது மெமரியைக் கோப்பாக்கும் கோர் டம்பில் விழாமலிருக்க மேட்வைஸ் அழைப்பின் டோன்ட்டம்ப் குறி. இரண்டும் இருக்கின்றனவா என்று கேளுங்கள். எம்லாக் திருப்பித் தரும் பிழையைப் பார்க்கிறார்களா என்றும் கேளுங்கள். பூட்டக்கூடிய அளவுக்கு ஒரு வரம்பு உண்டு; அதைத் தாண்டினால் அழைப்பு தோற்கும், நிரலோ ஒன்றும் நடக்காததுபோல் ஓடிக்கொண்டிருக்கும்.

சரிபார்க்கும் முறை எளிது. தெரிந்த 32 பைட் சோதனைச் சாவி ஒன்றைக் கொடுத்து, வெளியீட்டு பில்டில் ஒரு கோப்பைக் குறியாக்கம் செய்யுங்கள். வேலை முடிந்து, புராசஸ் இன்னும் உயிரோடு இருக்கும்போது ஜிகோர் கருவி கொண்டு மெமரி டம்ப் எடுத்து, அந்த 32 பைட் எத்தனை இடத்தில் கிடக்கிறது என்று தேடுங்கள். எண்ணிக்கை பூஜ்யமாக இருக்க வேண்டும். இந்தச் சோதனைக்கு மட்டும் டோன்ட்டம்ப் குறியை எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் அந்தப் பகுதி டம்பிலேயே வராது, பூஜ்யம் என்று பொய்க்கணக்கு காட்டும்.

நான்ஸ் (ஒரு சாவியுடன் ஒருமுறை மட்டுமே பயன்படுத்த வேண்டிய எண்) விஷயத்தில் இரண்டே கேள்விகள். ஏஇஎஸ்-ஐப் பயன்படுத்தும் ஜிசிஎம் முறையில் ஒரே சாவியுடன் அதே நான்ஸ் மறுபடி வந்தால் இரு செய்திகளின் எக்ஸார் (பிட்டுக்குப் பிட் வேறுபாடு) வெளிப்படும். செய்தியின் உண்மைத்தன்மையைக் காக்கும் உள்சாவியையும் கணக்கிட்டுவிடலாம். 96 பிட் நான்ஸை ரேண்டமாக எடுத்தால் ஒரு சாவிக்கு 2-இன் 32-ஆம் அடுக்கு செய்திகள்தான் வரம்பு, அதை எண்ணுகிறார்களா? ரேண்டமுக்குப் பதில் ஏறிக்கொண்டே போகும் எண்ணியைப் பயன்படுத்தினால், பேக்கப்பிலிருந்து மீட்டபின் அது பழைய எண்ணுக்குத் திரும்பாமல் என்ன தடுக்கிறது? டிஜிட்டல் கையெழுத்துப் பக்கம் இதைவிடக் கொடூரம். ஈசிடிஎஸ்ஏ கையெழுத்து முறையில் ஒவ்வொரு முறையும் புதிதாக இருக்க வேண்டிய ரகசிய எண் மாறாமல் இருந்ததால் பிளேஸ்டேஷன் 3-இன் கையெழுத்துச் சாவியைக் கண்டுபிடிக்க முடியும் என்று 2010 இறுதியில் காட்டப்பட்டது. இரண்டு கையெழுத்துகளும் பள்ளிக்கூட அல்ஜீப்ராவும் போதும்.

சோதனைச் சாவிகள் தனிப் பிரச்சினை. "நம்பாதே" என்று சான்றிதழின் பெயரிலேயே ஆங்கிலத்தில் எழுதியிருந்த ஒரு சோதனைச் சாவி, நூற்றுக்கணக்கான கணினி மாதிரிகளின் செக்யூர் பூட்டில் (கணினி தொடங்கும்போது மென்பொருளைச் சரிபார்க்கும் ஏற்பாடு) அடிப்படைச் சாவியாக விற்பனைக்குப் போயிருந்தது 2024-இல் அம்பலமானது. எழுதிவைத்தால் யாராவது படிப்பார்கள் என்று நம்பாதீர்கள். எல்லாச் சோதனைச் சாவிகளின் கைரேகைகளையும் (அடையாளம் காட்டும் ஹாஷ் மதிப்புகளையும்) பட்டியலிட்டு, அவற்றில் ஒன்று தென்பட்டாலும் வெளியீட்டு பில்ட் உடைந்துபோகும்படி செய்யச் சொல்லுங்கள்.

கோடின் மாற்றங்களைச் சேமிக்கும் கிட் ரெப்போவில் சாவி ஏறிவிட்டால் அடுத்த கமிட்டில் அழிப்பதால் பயனில்லை, வரலாற்றில் அப்படியே இருக்கும். நிரலை அடுக்கடுக்காகப் (லேயர்) பொதியும் டாக்கர் இமேஜும் அப்படித்தான்: ஒரு லேயரில் நகலெடுத்து அடுத்த லேயரில் நீக்கினாலும் முதல் லேயரிலிருந்து எடுத்துவிடலாம். இரண்டிலும் முதல் வேலை சாவியை மாற்றுவது. வரலாற்றைச் சுத்தம் செய்வது அதற்குப் பிறகு. பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

மாற்றுவதற்கு வழி இருக்க வேண்டுமே! ஒவ்வொரு குறியாக்கக் கோப்பின் தலைப்பிலும் 1 பைட் பதிப்பு எண், 4 பைட் சாவி எண் இருக்கட்டும். அந்தத் தலைப்பு சரிபார்ப்புத் தரவில் சேரட்டும். தரவைக் குறியாக்கும் சாவி ஒன்று, அந்தச் சாவியைப் பொதியும் சாவி வேறொன்று என்று பிரித்தால், பொதியும் சாவியை மாற்றும்போது சில பைட்டுகளை மட்டும் மறுபடி பொதிந்தால் போதும். டெராபைட் கணக்கில் தரவைத் திரும்ப எழுத வேண்டியதில்லை. ஆனால் தரவுச் சாவியே கசிந்திருந்தால் இந்தக் குறுக்குவழி உதவாது.

"ரகசியம் என்பதால் எழுதி வைக்கவில்லை" என்று குழுவினர் சொல்வார்கள். எழுதக் கூடாதது சாவியின் மதிப்பு மட்டுமே. பெயர், பயன், உருவாக்கும் இடம், படிக்க முடிந்தவர்கள், ஆயுள், மாற்றும் முறை ஆகியவை எழுத்தில் இருந்தே ஆக வேண்டும். மீட்புச் சாவியை, ரகசியத்தைப் பங்கிடும் ஷமீர் முறையில் ஐந்து பங்காக்கி, மூன்று சேர்ந்தால் திறக்கும்படி வைத்திருந்தால், அந்த மூன்று பேரைக் கூட்டி உண்மையிலேயே மீட்டுப் பார்த்த தேதியும் அதில் இருக்க வேண்டும்.

கையெழுத்திடும் முன் ஒரு ஒத்திகை கேளுங்கள். சோதனைச் சூழலில் ஒரு சாவி கசிந்துவிட்டது என்று அறிவியுங்கள். புதிய சாவி எல்லா சர்வர்களிலும் அமலாகி, பழையது மறுக்கப்படும்வரை ஆகும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். "புதிய பில்ட் போட்டால்தான் மாற்ற முடியும்" என்று பதில் வந்தால் சாவி கோடுக்குள் புதைந்திருக்கிறது என்று பொருள். அந்த வெளியீட்டை நிறுத்தி வையுங்கள்.

இப்படிக்கு,
குறியாக்க மென்பொருளைத் தணிக்கை செய்யும் நிரலாளர்கள்